காலையில் புளிக்கும் இலை

ரணகள்ளி ஒரு தொட்டி இருந்தால் போதும். மலாய்க்காரர்கள் செத்தாவார் என்பார்கள். ஓர் இலையை ஈரமண்ணில் போட்டால் விளிம்பெல்லாம் குட்டிச் செடி கிளம்பும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிப் பால்கனியோ கிள்ளான் வீட்டு வாசலோ, எங்கேயும் தாராளமாக வளரும். அதன் புளிப்பை ரசிக்கத்தான் உங்களை அழைக்கிறேன்.

மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹேன் அதை நாக்கால் கண்டறிந்தவர். விடிகாலையில் புளிக்கும் இலை நண்பகலில் சப்பென்று ஆகிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். 1815இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அது வெளிவந்தது. நீங்கள் மெல்ல வேண்டாம், செடியில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. ஒரு பிஎச் தாள் போதும்.

கோலாலம்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. வேலைக்குக் கிளம்புமுன் முற்றிய இலையொன்றில் பாதியைக் கிள்ளி நசுக்கி, சாற்றில் தாளைத் தொடுங்கள். கொழுந்து இலை வேண்டாம், அதில் புளிப்பு அவ்வளவாகச் சேராது. மறு பாதியைச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதியுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் நிறம் வேறாக இருக்கும்.

இந்த இலை இரவில்தான் துளைகளைத் திறக்கிறது. பிஇபி கார்பாக்சிலேஸ் என்ற நொதி கரியமில வாயுவைப் பிடிக்க, அது மாலிக் அமிலமாகி செல்லுக்குள் தேங்குகிறது. பகலில் துளைகள் மூடி, நீர் மிச்சமாகிறது. அமிலம் உடைந்து வரும் வாயுவை ரூபிஸ்கோ நொதி எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொதியும் ஒரே செல்லில்! ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஒரே வாயுவுக்கு இரண்டும் போட்டியிடும். அப்படி நடக்காமல் காக்கும் ஏற்பாடுதான் எனக்குத் தீராத வியப்பு. மாலிக் அமிலமே பிஇபி நொதியை அடக்கக்கூடியது. இரவில் அந்த நொதியில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது; அது இருக்கும்வரை அமிலத்தின் பிடி தளர்ந்தே இருக்கும். பகலில் பாஸ்பேட் கழன்றுவிடும், நொதி அடங்கும். அந்தப் பாஸ்பேட்டை ஒட்டும் இன்னொரு நொதியை இரவுதோறும் புதிதாகச் செய்ய வைப்பது இலையின் உள்கடிகாரம்.

சர்க்கரை செய்யும் பகல் நொதிகள் சிலவற்றை வெளிச்சமே எழுப்பிவிடுகிறது. தயோரெடாக்சின் என்ற சிறு புரதம் அவற்றின் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும். இருட்டியதும் அவை மறுபடி பூட்டிக்கொள்ளும். இது உங்கள் வாசல் வேம்புக்கும் கறிவேப்பிலைக்கும் பொருந்தும், புளிப்புதான் அவற்றில் இராது.

நாளெல்லாம் மூட்டம் போட்ட ஒரு நாளிலும் தாளை எடுத்துப் பாருங்கள். வெயில் குறைந்தால் அமிலம் மெதுவாகத்தான் செலவாகும். ஐந்து மணிக்கும் இலையில் புளிப்பு மிச்சமிருக்கும்.