பூம்பாவைப் பதிகத்தில் திருவிழா

திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் இரண்டாந் திருமுறையில் 47ஆம் பதிகமாக அமைந்துள்ளது. அதைக் கற்பிப்போர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். ஒருசாரார் என்பு பெண்ணான அற்புதத்தைக் கூறிப் பாட்டை அதற்குச் சான்றாக நிறுத்திவிடுவர். மற்றொரு சாரார் பாட்டில் வரும் விழாக்களின் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி மாணவரை நெட்டுருச் செய்விப்பர். தேர்வுக்கு இரண்டும் உதவும். பாட்டு மட்டும் இரண்டிற்கும் இடையே நழுவிப் போய்விடுகிறது.

முதலில் கதையை எடுத்துக்கொள்ளலாம். சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூக்கொய்யச் சென்றவிடத்து அரவு தீண்டி இறந்தாள். அவளைச் சம்பந்தருக்கே உரியவளாகக் கருதியிருந்த தந்தை, என்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்தார். சம்பந்தர் வந்து பாட, பெண் எழுந்தாள். இவ்வளவும் சேக்கிழார் வாயிலாக அறியப்படுவது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். பதிகத்தினுள்ளே அரவும் இல்லை, குடமும் இல்லை, தந்தையும் இல்லை. பெண்ணை அழைக்கும் விளி ஒன்றே உண்டு. அதனால் கதையைப் பிற்காலப் புனைவென்று தள்ளிவிடுவதும் பொருந்தாது. இந்த விழாவைப் பார்க்காமலே போய்விடுகிறாயா என்னும் வினா பத்துப் பாட்டிலும் மீண்டும் மீண்டும் வருகிறது. போகின்றவள் ஒருத்தி எதிரே இருந்தாலன்றி அவ்வாறு கேட்டல் இயலாது. கேட்பவருடைய குரலில் உள்ள ஆற்றாமையைச் சேக்கிழார் கேட்டிருக்கிறார். கதை அக்குரலுக்கு ஏற்றதாகவே இருக்கிறது.

போகின்றவளிடம் சம்பந்தர் என்ன சொல்லித் தடுக்கிறார் என்பதுதான் கருதத்தக்கது. வீடுபேற்றைக் காட்டவில்லை. உடம்பு நிலையாமையைப் பேசவில்லை. ஊரில் நடக்கும் திருவிழாக்களைச் சொல்லுகிறார்.

பன்னிரு மாத விழாக்களையும் பாடினார் என்று சிலர் எழுதிவிடுவதுண்டு. கணக்குப் பார்த்தால் அது ஒவ்வாது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் ஆகிய ஆறு மாத விழாக்களே ஐயமின்றிப் புலப்படுகின்றன. பின்வரும் அட்டமிக்கும், பொன்னூசலுக்கும், பெருஞ்சாந்திக்கும் பாட்டில் மாதப் பெயர் இல்லை. இன்ன மாதத்தன என்பது உரைகாரர் துணிபு. சேரநாட்டு ஓணம் ஆவணியில் வர, மயிலையில் அது ஐப்பசியில், அதுவும் சிவன் கோயிலில் கொண்டாடப்பட்டது என்பதை ஆசிரியர்கள் நின்று கவனிக்கலாம். பட்டியலாக மனப்பாடம் செய்யும்போது இத்தகைய செய்திகள்தாம் முதலில் மறைகின்றன.

முதற்பாட்டு ஒரு விழாவின் பெயரையுமே சொல்லவில்லை. அடியார் கூட்டத்திற்குச் சோறிடும் காட்சியைச் சொல்லுகிறது. வரிசைப்படி ஓணத்தில் தொடங்கியிருக்கலாம், தொடங்கவில்லை. இறந்துபட்டவளுக்கு முதலில் காட்டத்தக்கது ஊரார் ஒருவருக்கொருவர் உணவிடுதல் என்று புலவர் எண்ணியிருக்கிறார். அடுத்த பாட்டில் ஓணத்தின்போதும் தவத்தோர் உண்ணுவதையே காட்டுகிறார். கார்த்திகையில் பெண்கள் விளக்கேற்றுகின்றனர். மாசியில் கடலாட்டு, அங்கே ஆடலும் உண்டு. பங்குனியில் ஆரவாரம். காதால் கேட்க வேண்டிய ஆரவாரத்தையும் கண்ணால் காணச் சொல்லும் நயம் சிறு பிள்ளைகளுக்கும் விளங்கும், விளக்குவார்தாம் குறைவு. கோயிற் கிரியைகள் மிக அருகியே வருகின்றன. பங்குனியில் பலி, இறுதியில் பெருஞ்சாந்தி, அவ்வளவே. விழா என்பது இப்பதிகத்தில் பெரும்பாலும் தெருவிலும் கடற்கரையிலும் வீட்டு முற்றத்திலும் நிகழ்வது.

தைப்பூசப் பாட்டு இதற்கு நல்ல சான்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசம் என்றால் முருகனும் காவடியுமே நினைவுக்கு வருவன. பத்துமலையில் 1892 முதல் நடந்துவரும் விழாவைக் கண்டு வளர்ந்த மாணவன், பழைய பாட்டிலும் காவடியைத் தேடுவான். அங்கே முருகன் பெயரும் இல்லை, காவடியும் இல்லை. நெய் பெய்த சோறும் அதைக் கொண்டாடும் மகளிருமே உளர். இன்றைய மயிலையிலோ தைப்பூசத்தின் சிறப்புத் தெப்பம். மூன்று நாள் தெப்பக்குளத்தில் நடைபெறுவது. நாள் ஒன்று, அதன்கண் நிகழ்வன வெவ்வேறு. எது பழையது, எது உண்மையான தைப்பூசம் என்று வழக்காடுவோர் இப்பாட்டை ஒருமுறை படித்தல் நன்று.

பதிகம் முழுவதும் ஒரே தரத்தில் நிற்கிறது என்று கூறுதல் முகமன் ஆகும். எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அயனும் மாலும், பத்தில் சமண பௌத்தரை இகழ்தல் என்னும் சம்பந்தரின் வழக்கமான அமைப்பு உள்ளே வருகிறது. வந்தவுடன் மகளிர் மறைகின்றனர். சோறும் விளக்கும் கடலும் மறைகின்றன. பொன்னூசல் ஒரு சொல்லோடு முடிகிறது. பத்தாம் பாட்டின் இகழ்ச்சி, இறந்த சிறுமியின் முன் நின்று பேசும் பேச்சாகவே தோன்றவில்லை. வினா மட்டும் பழைய வேகத்தோடு திரும்ப வந்து பாட்டைக் காக்கிறது.

சம்பந்தர் கண்ட கபாலீச்சரம் கடலை அடுத்திருந்தது. புன்னைக் கானலும் அலையும் பாட்டிலேயே உள்ளன. இன்றுள்ள கோயில் போர்ச்சுகீசியர் காலத்திற்குப் பின் சற்று உள்ளே தள்ளி எழுந்தது. ஆயினும் மாசி மகத்தன்று இறைவன் கடற்கரைக்கு எழுந்தருளுகிறான். விழாக்களுள் பங்குனியே இப்போது தலையாயது. பத்து நாள் நடக்கும் அப்பெருவிழாவில் மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் விடை ஊர்தி, ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் பிற்பகலில் அறுபத்துமூவர் உலா. மயிலைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அன்றுதான் வரும். இவ்வுலாவைப் பதிகத்தில் தேடிப் பயனில்லை. அடியார் தொகையைப் பாடிய சுந்தரர் சம்பந்தருக்குப் பிற்பட்டவர்; சம்பந்தரே அந்த அறுபத்துமூவருள் ஒருவர்.

அந்த எட்டாம் நாள் காலையில் தெப்பக்குளத்தருகே பூம்பாவை எழுந்த நிகழ்ச்சி சடங்காக நடத்தப்படுகிறது. சம்பந்தர் திருமேனி எழுந்தருள, ஓதுவார் பதிகத்தைப் பாடுவார். அச்சடங்கு சேக்கிழார் கதையைப் பின்பற்றியது; அற்புதமே அதில் முன்னிற்கிறது. பதிகத்தின் முதற்பாட்டு நிகழும் இடம் வேறு. காலைச் சடங்கு முடிந்து உலாவுக்கு முன், நான்கு மாட வீதிகளிலும் வீட்டார் பந்தலிட்டு வழிப்போவார்க்கு நீர்மோரும் பானகமும் சோறும் கொடுத்துக்கொண்டிருப்பர். அதற்கு ஓதுவாரும் இல்லை, குறித்த நேரமும் இல்லை. பாத்திரம் ஒழியும்வரை கொடுப்பர்.