நம் மேடைக்கு வந்து சேர்ந்த பாணிகள்

மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டதற்கு இணங்கி இதை எழுதுகிறேன். நம் சித்தூர் நாடக சபாவின் வரலாற்றைச் செயலாளர் தம் கட்டுரையில் ஆண்டுவாரியாகக் கொடுத்துவிட்டார். தலைவர்கள், புரவலர்கள் பெயர்களும் அதில் முறையாக வந்திருக்கின்றன. எனக்கு மிஞ்சியது, நம் மேடைக்கு எந்தெந்தப் பாணிகள் வந்து சேர்ந்தன, ஒருவரைத் தேறின நடிகர் என்று பெரியவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள், அந்த அளவுகோல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். "யார் மனமும் நோகாமல் எழுதுங்கள்" என்று தலைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். முயல்கிறேன்.

சித்தூர்க்காரனுக்கு இரண்டு காதும் இரண்டு பாஷைக்குப் பழகியவை. 1911-இல் வட ஆற்காட்டின் தாலுகாக்களையும் கடப்பையின் தாலுகாக்களையும் சேர்த்து இந்த மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் காலையில் தெலுங்குப் பத்யமும் ராத்திரி தமிழ் விருத்தமும் பாடுகிற குரல்கள் மாறவில்லை. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரே தண்டவாளத்தில் சித்தூரும் திருப்பதியும் வந்துவிடும். கலைஞர்களும் அப்படித்தான் வந்தார்கள். நம் சபாவில் இரு மொழி நாடகமும் நடப்பதைப் புதிதாய்ச் சேர்ந்த சில அங்கத்தினர்கள் சமரச ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். சமரசம் ஒன்றுமில்லை, ஊரின் இயல்பே அதுதான்.

முதலில் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசி நாள் துரியோதனன் படுகளம் என்று நம் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. நகரிப் பக்கமும் புத்தூர்ப் பக்கமும் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முகவீணையும் மத்தளமும் சேர்ந்து திரைவிருத்தத்துக்கு எடுத்துக் கொடுக்கும்போது, வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்றபடியே தம் குரலால் ஊரைக் கட்டிப்போட வேண்டும். முகம் தெரியும் முன்பே குரல் தெரிய வேண்டும் என்ற பாடத்தை நம் மேடை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. இதை ஒப்புக்கொள்ள நம்மில் படித்தவர்கள் சிலருக்கு வெகுநாள் கூச்சம் இருந்தது.

அந்தக் கூச்சத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரே இளமையில் தமிழ் நாடகம் என்றால் முகம் சுளித்தவர். 1891-இல் பல்லாரியிலிருந்து தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சாரியார் தம் சரஸ விநோதினி சபாவுடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டார். வக்கீலும் உத்தியோகஸ்தரும் வேடம் கட்டுவதைக் கண்டு பம்மலார் மனம் மாறினார். அதே ஆண்டு ஜூலை மாதம் அவர் முயற்சியில் சுகுண விலாச சபா பிறந்தது. தமிழ்நாட்டு அமெச்சூர் நாடகத்தின் மூல விதை ஒரு தெலுங்கு நாடகம் என்பதைச் சென்னை நண்பர்கள் மறந்தாலும் நாம் மறக்கலாகாது. பின்னாளில் அந்த மேடையில் வக்கீலும் காங்கிரஸ் தலைவருமான சத்தியமூர்த்தியும் வேடம் கட்டினார். கோர்ட்டுக்குப் போகிறவர் கூத்தாடலாமா என்ற கேள்வி அதோடு செத்தது.

இரண்டாவதான இந்தப் பல்லாரிப் பாணியிலேயே இரண்டு கிளை. ராமகிருஷ்ணமாச்சாரியார் பாட்டையும் பத்யத்தையும் தாராளமாக வைத்து எழுதினார். 'விஷாத சாரங்கதரா' மூலம் சோக முடிவையும் தெலுங்கு மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சகோதரி மகன் பல்லாரி ராகவா நேர் எதிர். ராகத்தை இழுத்துக்கொண்டு நின்றால் பாத்திரம் செத்துவிடும் என்பது அவர் கட்சி. பெண் வேடத்தைப் பெண்களே கட்ட வேண்டும் என்றும் வாதாடினார். 1946 ஏப்ரல் 16-ஆம் தேதி அவர் காலமானார். தெலுங்கு நாடக முன்னோடி கந்துகூரி வீரேசலிங்கத்தின் பிறந்த நாளும் அதுவே ஆகையால் தெலுங்கு நாடக உலகுக்கு அந்தத் தேதி இரட்டை விசேஷம். நம் சபாவில் ராகவா கட்சியும் இருந்தது, பாட்டுக் கட்சியும் இருந்தது. ஒத்திகை முடிந்து காபி சாப்பிடும் நேரத்தில் இரண்டும் மோதிக்கொண்டதை மூத்த அங்கத்தினர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, கம்பெனி நாடகப் பாணி. தெற்கே சங்கரதாஸ் சுவாமிகள் வழி. 1918-இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அதைப் பார்த்து வந்த பாய்ஸ் கம்பெனிகளிலும் தேறியவர்களின் குரல் வேறு ஜாதி. மேடைப் பாடகர் கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயியைக் கேட்டவர்கள் ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடக்கே கடப்பைப் பக்கத்து சுரபி நாடகக் குடும்பங்கள். 1885-இல் கீசக வதத்தில் ஆரம்பித்தது அவர்கள் கதை. அவர்கள் தொழில்முறைக்காரர்கள், நாம் அமெச்சூர். ஆனாலும் பார்சி மெட்டு, தபலா, படுதா, ஒன்ஸ்மோர் எல்லாம் நமக்கு அவர்கள் வழியாக வந்தவையே.

இந்த ஓடைகள் எல்லாம் கலந்த இடத்தில் நம் ஊர் ஒருவரை உலகுக்குக் கொடுத்தது. வி. நாகையா குண்டூர்ப் பக்கத்து ரேபல்லேயில் 1904-இல் பிறந்தவர். ஆனால் பெயருக்கு முன்னால் நின்றது சித்தூர். நம் ஊர் மேடையில் பாடி நடித்த பிறகே அவர் 1938-இல் 'கிருஹலக்ஷ்மி' படத்துக்குப் போனார். 'பக்த போதனா', 'தியாகய்யா', 'யோகி வேமனா' என்று தெலுங்கில் வரிசையாகக் கொடுத்தார். தமிழில் 'அசோக்குமார்', 'மீரா' படங்களில் கண்ணியமான ராஜாவாக வந்தார். 'தியாகய்யா'வில் நடிப்பு, இசை, இயக்கம் மூன்றும் அவரே. அவர் பாடும்போது பாட்டு தனியாகவும் பாவம் தனியாகவும் கேட்காது. அதைச் சினிமா கற்றுக்கொடுக்கவில்லை, மேடை கற்றுக்கொடுத்தது என்பது என் துணிபு.

இனி எங்கள் வாத்தியாரைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அங்கத்தினர்களுக்கு அவர் எப்போதும் ஹார்மோனிய வாத்தியார்தான். ஆரணிப் பக்கம் பிறந்து, கம்பெனி மேடைகளில் பின்பாட்டுப் பாடி, இங்கே வந்து நிலைத்தவர். 1940-இல் வானொலி ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்த செய்தியை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. "ரேடியோவுக்கு வேண்டாமாம். மேடைக்கு நான் இருக்கேன்" என்பார்.

அவர் பாடம் சொல்லும் முறையை ஒரு காட்சியைக் கொண்டு விளக்கலாம். தமிழில் மயான காண்டம், தெலுங்கில் காடி சீன், இரண்டும் அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கும் இடம். தெலுங்கில் பலிஜேபல்லி லக்ஷ்மிகாந்தம் எழுதிய நாடகத்தில், குர்ரம் ஜாஷுவாவின் மயானப் பத்யங்களை நடிகர்கள் சேர்த்துக்கொண்டு அந்தக் காட்சியை வளர்த்துவிட்டார்கள். பாடத் தெரிந்தவன் எவனுக்கும் அங்கே கை துறுதுறுக்கும். வாத்தியாரோ முதல் சில வாரம் பாடவே விடமாட்டார். ஹார்மோனியத்தின் மேல் துண்டை விரித்து மூடிவிடுவார். "முதல்ல பேசு. பேசினா எதிர்ல உட்கார்ந்தவனுக்குத் தொண்டை அடைக்குதா பாரு. அப்புறம் பாடு" என்பார். பத்யத்தை வசனம் மாதிரிச் சொல்ல வேண்டும். யதி விழும் இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது, பொருள் முடியும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். சீச பத்யத்தின் நீண்ட அடிகளில் எங்கே மூச்சு என்று சிலேட்டில் சாக்பீஸால் குறி போட்டுக் காட்டுவார். அந்தக் குறி தப்பினால், பாடியது முகாரியோ காம்போதியோ, அவருக்குக் கணக்கில்லை.

துண்டு விலகிய பிறகுதான் ராகம். ஆலாபனை பத்யத்தின் கடைசியில்தான் வரலாம், நடுவில் சொல்லைப் பிளந்துகொண்டு வரக் கூடாது. அதுவும் பாத்திரம் தாங்குகிற அளவுக்கே. பெற்ற பிள்ளையின் பிணத்தை வைத்துக்கொண்டு எவனாவது கல்பனாஸ்வரம் பாடுவானா என்று கேட்பார். இந்த இடத்தில் அவர் ராகவா கட்சி. ஆனால் பாட்டே வேண்டாம் என்று யாராவது சொன்னால், கிட்டப்பாவை இழுத்துக்கொண்டு வந்து சண்டைக்கு நிற்பார். இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு பாதை போட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். நம் சபாவின் பாணி என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பாதைதான். மற்றச் சபாக்காரர்கள் இதை ஏற்காமல் இருக்கலாம்.

தேர்வுக்கு அவர் வைத்த விதிகள் மூன்று. கடைசி பெஞ்சில் இருப்பவருக்குச் சொல் விளங்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் நடிகரின் வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எடுத்த சுருதியில் முடிக்க வேண்டும். காயகர்களுக்கும் இதே விதி. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் லயக் கணக்கைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. தாளம் தப்பினால் முன்வரிசையில் தொடை தட்டுகிற கை நின்றுவிடும். அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

திருப்பதிக் கிளையைச் சொல்லாமல் விட்டால் அங்குள்ள நண்பர்கள் கோபிப்பார்கள். அங்கே தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரி இருக்கிறது, மகதி அரங்கம் இருக்கிறது, பக்தி நாடகத்துக்கு என்றும் கூட்டம் இருக்கிறது. தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் ஆண்பிள்ளைகள் புடவை கட்டி, பொட்டு வைத்து வீதியில் வருவதைச் சிறு வயது முதல் பார்க்கிற ஊர் அது. ஆகவே பெண் வேடத்துக்குப் பேர்போன ஸ்தானம் நரசிம்ம ராவ் சத்யபாமாவாக வந்தபோது மற்ற ஊர்கள் வியந்த அளவுக்குத் திருப்பதி வியந்திருக்காது. பெண் வேடத்தில் நளினத்துக்குத் திருப்பதி, குரலுக்குச் சித்தூர் என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். நான் சித்தூர்க்காரன், ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி இன்றைய நிலை. இன்று மேடையில் இருப்பவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். வேலைக்குப் போய்க்கொண்டு, பஸ் பிடித்து ஒத்திகைக்கு வருகிறார்கள். அவர்களை வணங்குகிறேன். நான் சொல்லப்போவது எந்த ஒருவரையும் குறிப்பதல்ல, எந்தக் குழுவையும் குறிப்பதல்ல.

கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. நாலு கட்டையில் எடுத்தவருக்கு மூன்றாம் அங்கத்தில் குரல் களைக்கிறது. வாசிப்பவர் காட்சி மாறும் இடைவெளியில் பொத்தானை அமுக்குகிறார். சுருதி மூன்று கட்டைக்கு இறங்குகிறது. பாடுபவருக்கு நிம்மதி. சபையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குறைந்த சுருதியில் பாடுவதை நான் குறை சொல்லவில்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு எட்ட உச்சத்தில் பாடினார்கள், இன்று அது அவசியமில்லை. மூன்று கட்டையில் பாட வேண்டுமானால் மூன்று கட்டையில் ஆரம்பிக்கட்டும். ஆரம்பித்ததில் முடிக்கட்டும். நடுவில் இறக்குவது என்ன நியாயம்? அதுவும் எந்த நாடகத்தில்? அரிச்சந்திரனில்! நாட்டை விட்டான், மனைவியை விற்றான், சொன்ன சொல்லை மாற்றவில்லை. அந்த மகாராஜாவின் சுருதியை நாம் மாற்றுகிறோம்.

இதைச் சின்ன விஷயம் என்கிறார்கள். சின்ன விஷயமல்ல. பொத்தான் வந்ததால் குரல் பயிற்சி போயிற்று. குரல் பயிற்சி போனதால் ஒத்திகை போயிற்று. ஒத்திகைக்குப் பதில் பென் டிரைவில் டிராக் வந்தது. டிராக்குக்குப் பாட ஆள் எதற்கு என்று உதடசைப்பும் வந்தது. கல்யாண வீட்டில் நாகஸ்வரம் இருந்த இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழும் படிக்க வரவில்லை, தெலுங்கும் படிக்க வரவில்லை. பத்யத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதில்லை. கொடுத்த கைமாற்று திரும்பி வருவதில்லை. களைத்த இடத்தில் சுருதியை இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தால், அது எல்லாவற்றிலும் இறக்கிக்கொள்ளத்தான் செய்யும். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தும் நேரம் நாடக நேரத்தை மிஞ்சுவதும் இதன் கிளைதான். ஆனால் அதைப் பற்றி எழுதினால் பொன்னாடை பெற்ற பெரியவர்கள் வருந்துவார்கள். நானும் பெற்றவனே.

மலர்க் குழு கொடுத்த பக்கம் முடிந்துவிட்டது. நிர்வாகக் குழுவுக்கு என் விண்ணப்பம் இதுதான். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு நாடகமாவது, தெலுங்கானாலும் தமிழானாலும், டிராக் இல்லாமல், ஹார்மோனியத்துடன், எடுத்த சுருதியில் முடிக்கிற நாடகமாக இருக்கட்டும். சொல்லிக்கொடுக்க நான் தயார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபா மாடிக்கு வந்தால் போதும், கட்டணம் கிடையாது. வாத்தியாரின் கால் ஹார்மோனியம் சபா அலுவலகத்தில்தான் இருக்கிறது. துருத்தி கிழிந்து, சில கட்டைகள் எழும்பாமல் கிடக்கின்றன. பழுது பார்க்க நன்கொடை தர விரும்பும் அங்கத்தினர்கள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவும்.