நாற்காலி உண்டு, அதிகாரம் எங்கே?

புயல் வந்தால் ஊரைக் காக்க ஆணையிடுபவர் யார்? நகரத்தார் மேயரைக் காட்டுவர். சிற்றூரார் ஊராட்சித் தலைவரைக் காட்டுவர். சட்டமோ இருவரையும் தாண்டி ஆட்சியரைக் காட்டுகிறது!

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதும், ஆபத்துப் பகுதிக்குள் நுழைவதைத் தடுப்பதும் அந்த ஆணையத்தின் அதிகாரம். மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இணைத் தலைவர் நாற்காலி ஒன்று உண்டு. ஆனால் உள்ளாட்சி மன்றம் ஆணையத்தின் கட்டளைக்கு உட்பட்டே இயங்க வேண்டும்.

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் குமரியைத் தாக்கியபோது அந்த நாற்காலியும் காலி! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. இராஜாக்கமங்கலம் ஒன்றியத்தில் இருந்தவர் தனி அலுவலர். கரையோர மக்கள் தாம் வாக்களித்த எந்தத் தலைவரிடம் கேட்பது?

2025இல் சட்டம் திருத்தப்பட்டது. மாநகரங்களுக்குத் தனி ஆணையம் அமைக்கலாம் என்றது. தலைவர் மேயரா? இல்லை, மாநகராட்சி ஆணையர்!

விரைந்து செயலாற்ற அலுவலர் தேவை, நாம் மறுக்கவில்லை. ஆனால் அலுவலர் மாற்றலாகிப் போவார். மக்கள்முன் நின்று விடை பகர வேண்டியவர் வாக்குப் பெற்றவர். எனவே கேட்கிறோம்: உரிய காலத்தில் தேர்தல் நடத்துக! ஆணையத்தின் ஆணைகளில் இணைத் தலைவரின் கையொப்பத்தையும் கட்டாயமாக்குக! இல்லையேல் மேயரின் சங்கிலி வெறும் அணிகலனே.