வந்தான் வரத்தானும் மன்னனின் பந்தியும்

டோல்கீன் என்றால் மோதிரக் கதையோடு நிறுத்திக்கொள்கிற வாசகர்களே நம்மிடையே அதிகம். 1973இல் அவர் மரணித்த பின், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட ‘சில்மாரில்லியன்’, 2007இல் வந்த ‘ஹூரினின் பிள்ளைகள்’ இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது ஒரு விடயம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. மரணமில்லாத எல்ஃபுகளின் அரச வீடுகளுக்குள் மனிதர்கள் வந்து சேருகிறார்கள். அவர்களை வாசலில் மறிப்பவர் யார்?

மன்னன்தான் என்று எண்ணத் தோன்றும். டோரியாத் மன்னன் திங்கோலின் மகள் லூத்தியனைப் பெரன் கேட்டு நிற்கிறான். இருளரசன் மோர்கோத்தின் முடியிலிருக்கும் ஒளிக்கல் ஒன்றைக் கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்கிறான் திங்கோல். இதை மஹர் என்று சொல்ல வராது. மஹர் பெண்ணுக்குரியது, இதுவோ வாப்பாவின் கைக்குப் போவது. ஆள் செத்துத் தொலையட்டும் என்ற எண்ணத்தில் சொன்ன விலை. கல்லைப் பற்றியிருந்த கையை ஓநாய் விழுங்கிவிட, கையில்லாமல் திரும்பி வருகிறான் பெரன். அப்போது திங்கோல் இளகிவிடுகிறான். ஆக, மன்னனின் மறுப்புக்கு ஒரு முடிவு உண்டு.

முடிவில்லாத மறுப்பு இன்னோர் இடத்தில் இருக்கிறது. எட்டு வயதில் அதே டோரியாத்துக்கு அனுப்பப்படும் தூரினைத் திங்கோல் எந்த விலையும் கேட்காமல் வளர்ப்பு மகனாக ஏற்கிறான். பையன் வளர்ந்து, எல்லைக் காட்டில் போரிட்டு, கலைந்த தலையும் கிழிந்த உடையுமாக ஒருநாள் திரும்பி வருகிறான். தெரியாத்தனமாகச் சைரோஸ் என்ற பிரபு வழமையாக உட்காருமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறான். அவ்வளவுதான். தலைமயிரில் தொடங்கிய கேலி அவனது ஊர்ப் பெண்களின் மானத்தில் போய் முடிகிறது. தூரின் கிண்ணத்தை எடுத்து அவன் முகத்தில் வீசுகிறான். ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய நமக்கு, உட்காரும் இடத்துக்கு இருக்கிற கனதி விளங்காததல்ல.

இந்தச் சைரோஸ் யார்? டோல்கீன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார், பலர் கவனிப்பதில்லை. அவனும் டோரியாத்தில் தோன்றியவன் அல்ல. தன் தலைவன் போரில் விழுந்த பிறகு அடைக்கலம் தேடி வந்த நாந்தோர் கூட்டத்தவன். நேற்று வந்த வரத்தான் இன்று வந்தவனைப் பார்த்து முகம் சுளிக்கிறான்! கொண்டோலினிலும் இதே கதைதான். மன்னனின் தங்கை மகன் மைக்லின், தகப்பன் வழியில் அந்நியன். அந்தத் தகப்பனுக்கு அந்த நகரம் கொடுத்தது மரண தண்டனை. அப்படிப்பட்டவன்தான், மனிதனான தூவோர் மன்னனின் மருமகன் ஆனதைப் பொறுக்காமல், நகரத்தின் இரகசியத்தையே எதிரிக்கு விற்கிறான். உறுதியான இடம் உள்ளவனுக்குப் பயமில்லை. இரவலாகக் கிடைத்த இடத்தில் இருப்பவனுக்குத்தான் அடுத்தவனின் வருகை அச்சம் தருகிறது. மனித மனத்தைப் பற்றி டோல்கீன் சொன்னவற்றில் இதைவிடக் கூர்மையானது குறைவு என்பேன்.

மறுநாள் சைரோஸ் பதுங்கித் தாக்கி, தோற்று, துரத்தப்பட்டு, பள்ளத்தில் விழுந்து சாகிறான். தூரினுக்காகச் சாட்சி சொல்ல வருபவள் நெல்லாஸ். அரண்மனைக் கூரையின் கீழ் இருக்கப் பிடிக்காமல் மரங்களுக்கிடையே வாழும் பெண். அவள் கண்டதைக் கேட்டு மன்னன் மன்னிக்கிறான். ஆனால் தூரின் போய்விட்டான், திரும்பவே இல்லை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே எடுக்கப்படும் பெரன், தூரின், தூவோர் மூவருமே மனிதரில் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள். குலமில்லாதவன் எவனும் அந்தப் பந்திக்குக் கிட்டவும் வருவதில்லை. குள்ளர்களிலும் ஒதுக்கப்பட்ட மீம் இருக்கிறான். அவனது இனத்தை எல்ஃபுகள் ஒரு காலத்தில் மிருகமென்று வேட்டையாடினார்கள். நாடோடியான தூரினின் ஆட்கள் அவனைப் பிடித்து, உயிருக்கு ஈடாக அவனது குகையையே வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே போனால் மகன் செத்துக் கிடக்கிறான், அவர்களில் ஒருவன் எய்த அம்பினால். தூரின் மனம் வருந்துகிறான், ஈடாகப் பொன் தருவதாகவும் சொல்கிறான். குகையை விட்டு மட்டும் போகவில்லை. தன் வீட்டிலேயே ஒதுங்கி வாழும் மீம் பிறகு காட்டிக்கொடுக்கும்போது, டோல்கீன் அவனைத் துரோகி வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு அவ்வளவு விரைவாக நகர முடியவில்லை.