நூற்றுப் பன்னிரண்டு அடி மனு

அடையாறு சர்தார் பட்டேல் சாலையில், காந்தி மண்டப வளாகத்துக்குள்ளேயே இரட்டைமலை சீனிவாசனுக்கும் ஒரு நினைவிடம். தன்னோடு ஒத்துவராதவரையும் கடைசியில் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறது தேசியம்.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. மயிலாப்பூர் வக்கீல்களுக்கு அது உரிமை. சேரியிலிருந்து பார்த்தால்? கலெக்டர் நாற்காலியும் அக்கிரகாரத்துக்கே போயிடும், அவ்வளவுதான். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய சீனிவாசன், 3412 கையெழுத்துகளோடு 112 அடி நீள எதிர்மனுவை இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'வெள்ளைக்கார விசுவாசம்'.

1895இல் காமா, செபெலே, பதோயென் என்ற மூன்று சுவானா தலைவர்கள் இலண்டனுக்கே போய், எங்கள் மண்ணை ரோட்ஸின் கம்பெனிக்குக் கொடுக்காதே என்று முறையிட்டார்கள். அதை ராஜதந்திரம் என்று எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் அதே காமாவின் ஆளுகையில் சர்வா மக்கள் அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். 'உள்ளூர்க்காரன் ஆட்சி' என்பதை அவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். சீனிவாசனின் மனு அந்தக் கதை. காமாவுக்குப் பரம்பரைப் பட்டம் இருந்தது. இவருக்கு ஒரு பத்திரிகையும் கையெழுத்துகளும்தான்.

பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் தீண்டப்படாதாருக்கு உரிமையுண்டு என்று, 1924இல், சென்னைச் சட்டசபையில் அவர் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.