நூறுக்கு எழுதியதும் தொண்ணூற்றொன்றுக்கு எழுதியதும்

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐயும் ஜப்பானியச் சாலைகளுக்காகப் பிறந்தவை. அந்த நாட்டு பங்க்குகளில் உயர்ரக பெட்ரோல் என்றால் பெரும்பாலும் 100 ஆக்டேன். அதுதான் டேங்கில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் தொழிற்சாலையில் இன்ஜின் கணினிக்கான மேப்பை எழுதினார்கள். அதே கார் சில வருடம் ஓடி, கப்பலேறி கொழும்பில் இறங்கும்போது அதற்குப் பொதுவாகக் கிடைப்பது 95, இல்லாவிட்டால் 92. கார் மாறவில்லை, குடிக்கிற பெட்ரோல் மாறிவிட்டது.

இந்தியாவில் நிலைமை நேர் எதிர். இங்கே விற்கிற டர்போ கார் இந்தியாவுக்கென்றே சான்று பெற்றது. பல்லாண்டுகளாக நம் சாதாரண பெட்ரோலின் அளவு 91 ஆக்டேனாக இருந்தது. ஊர் பேர் தெரியாத நெடுஞ்சாலை பங்க்கில் நிரப்பினாலும் இன்ஜின் தாங்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் நிறைய இடம் விட்டே மேப் எழுதுவார்கள். அந்த இடத்தை எடுத்துக்கொள்வதுதான் இந்திய ட்யூனரின் தொழில். இலங்கை ட்யூனருக்கு, குறிப்பாக ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில், பல நேரம் முதல் வேலையே மேப்பைக் குறைந்த ஆக்டேனுக்கு இறக்குவதுதான். இரண்டு நாட்டிலும் மடிக்கணினி ஒன்று, கேபிள் ஒன்று, ரீமேப் என்ற பெயரும் ஒன்று. செய்கிற வேலையின் திசை வேறு. இதைக் கவனிக்காமல் அந்த ஊர் ஃபைலை இந்த ஊர் காரில் ஏற்றுவதால்தான் பிஸ்டன்கள் உடைகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

மேப் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. இத்தனை ஆர்பிஎம், இவ்வளவு காற்று என்றால் ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னதாக அடிக்க வேண்டும், டர்போ எவ்வளவு பூஸ்ட் தர வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்கள். ஸ்பார்க்கை முன்னால் தள்ளினால் இழுவை கூடும். ஓர் எல்லைக்கு மேல் தள்ளினால், தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங். ஆக்டேன் எண் சொல்வது அந்த வெடிப்பை பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். நூறுக்கு எழுதிய டைமிங்கைத் தொண்ணூற்றைந்தில் ஓட்டினால் நாக் சென்சார் கேட்டுக்கொண்டே இருக்கும், கணினி டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கார் ஓடும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய இழுவையில் ஒரு பகுதி வராது. கூடவே ஒவ்வொரு மிதிக்கும் இன்ஜின் ஆபத்தின் ஓரத்திலேயே நிற்கும்.

நல்ல ட்யூனர் யார் என்பதை அவர் லாக் எடுக்கும் விதத்தில் கண்டுபிடித்துவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் பார்க்கிற காட்சி இது. ஓனர் ஓட்டுவார், ட்யூனர் பக்கத்து சீட்டில் மடிக்கணினியோடு இருப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டிலிருந்து கேபிள் வரும்.

"தம்பி, மூணாவது கியர்லயே 2000-லேருந்து முழுசா மிதிங்க. 6000 வந்ததும் காலை எடுத்துருங்க."

"சரிங்கண்ணா. நாலாவது போட வேண்டாங்களா?"

"வேண்டாம். ஒரே கியர்ல முழுசா வந்தாத்தான் கணக்கு தெரியும்."

திரையில் நெடுக எண்கள் ஓடும். அவர் கண் வேகத்தில் இருக்காது, ஒவ்வொரு சிலிண்டருக்குமான டைமிங் இழுப்பில் இருக்கும். எல்லாம் சுழியமாக வந்து, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு என்று வந்தால் கையை நிறுத்துவார். உள்ளே வரும் காற்றின் சூட்டைப் பார்ப்பார். ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றியது, எந்த பங்க்கில் அடித்தது என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் எண்ணைத் தொடுவார். பத்து நிமிடத்தில் ஃபைலை ஏற்றி, டைனோ ஷீட்டில் ஹார்ஸ்பவரைக் காட்டி அனுப்புகிறவரை நான் ட்யூனர் என்று சொல்ல மாட்டேன். அவர் ஃபைல் வியாபாரி.

இந்தியாவில் இந்தக் கலாசாரத்தை வீடு வீடாகக் கொண்டுபோன கார்களில் ஒன்று 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி. அந்த டிஎஸ்ஜி பெட்டிக்கு வகுத்திருக்கும் உச்சம் 250 நியூட்டன் மீட்டர். நடுவில் இருக்கும் இடைவெளியை ட்யூனர்கள் உடனே பார்த்துவிட்டார்கள். வன்பொருள் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் தொடுவது ஸ்டேஜ் ஒன்று. டவுன்பைப்பும் இன்டர்கூலரும் மாற்றினால் ஸ்டேஜ் இரண்டு. டர்போவையே மாற்றினால் அடுத்தது. ஸ்டேஜ் ஒன்றில் நிதானமாகச் செய்த போலோக்கள் நன்றாகவே ஓடுகின்றன. 250-ஐ ஒட்டிப் போனவர்களின் உலர் கிளட்ச் முதலில் கணக்குக் கேட்கும்.

கோயம்புத்தூருக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் அது. அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு டர்போ கார்களைக் கொண்டுவந்தன. 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, சஸ்பென்ஷன், மேப் எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார்ந்து சரிசெய்து, வாரண்டியோடு ஷோரூமில் விற்றார்கள். அதிக நாள் நீடிக்கவில்லை. ஆனாலும் ட்யூனிங் என்பது எப்படி முழு வேலையாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்க்காரர்கள் காட்டிய நல்ல உதாரணம் அது.

வாரண்டி என்ற சொல்லிலேயே இரண்டு நாடுகளும் பிரிகின்றன. இந்திய ஓனர் புதுக் கார்க்காரர். ஃபோக்ஸ்வாகன் குழுமக் காரில் மேப் மாறியிருப்பது தெரிந்தால் சர்வீஸ் கணினியில் டிடி1 என்று குறித்துவிடுவார்கள், இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டிக் கோரிக்கை அத்தோடு முடிந்துவிடும். அதனால் இங்கே பலர் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் சர்வீஸுக்குப் போகிறார்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைக்கும் கவுன்ட்டர் உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இலங்கையில் ரீகண்டிஷன் என்று வரும் ஜப்பானியக் கார்களில் பலவற்றுக்கு உற்பத்தியாளர் வாரண்டியே கிடையாது. இழக்க அது இல்லாததால் ஓனர் துணிந்து செய்கிறார். பழுதானால் தாங்கிப் பிடிக்கவும் யாரும் இல்லை என்பதால் ட்யூனரின் பொறுப்பு அங்கே இரட்டிப்பு.

வரியிலோ இரண்டு அரசுகளும் ஒரே வழியில் நடந்தன. இந்தியாவில் 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இருக்கும் காருக்கு வரி குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம் ஜிஎஸ்டி, வெளியே 40. இலங்கையில் சுங்கக் கணக்கில் 1000 சிசி ஒரு பெரிய கோடு. அந்தக் கோட்டுக்காகவே ஹோண்டா சிவிக்கின் 988 சிசி மூன்று சிலிண்டர் டர்போ அங்கே குவிந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு 129 பிஎஸ் போதாது என்று நினைக்கிறவர்கள் ரீமேப் தேடி வருகிறார்கள். அவர்களிடம் நான் ஒரு விவரத்தைச் சொல்வேன். அதே இன்ஜினுக்கு மேனுவல் கியரோடு 200 நியூட்டன் மீட்டர் கொடுத்த ஹோண்டா, சிவிடி கியரோடு 180 மட்டும்தான் கொடுத்தது. சிவிடியில் ஓடுவது உலோக பெல்ட். அது வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. செய்தவர்களே இருபதைக் குறைத்து வைத்த இடத்தில் நாற்பது, ஐம்பது கூட்டித் தருகிறேன் என்கிறவரிடம் காரைக் கொடுக்கக் கூடாது.

மலைதான் இரண்டு நாட்டு ட்யூனர்களுக்கும் உண்மையான பரீட்சை. நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தி வேலையை முடிக்கிற டர்போ, அதே அளவை மேலே எட்ட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். சுழற்சி எகிறும், காற்று சூடாகும், சூடான காற்று நாக்கிங்கைக் கூப்பிடும். கம்பெனி மேப்பில் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பார்த்து பூஸ்ட்டைக் குறைக்கிற அட்டவணை இருக்கும். சென்சாருக்கு நடுவில் செருகும் மலிவான ட்யூனிங் பாக்ஸோ, இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லி கணினியை ஏமாற்றித்தான் பூஸ்ட் வாங்குகிறது. சமதளத்தில் இந்தப் பொய் தப்பித்துவிடும், மலையில் தப்பாது. ரதெல்ல, மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டி வளர்ந்த இலங்கை ட்யூனர்களுக்கு இது கைவந்த பாடம் என்பேன். சமதளப் பந்தயத் தடங்களில் வளர்ந்த நம் ஆட்கள் பலருக்கு இந்தப் பழக்கம் குறைவு.

சின்ன டர்போ இன்ஜினுக்கு மலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2000 ஆர்பிஎம்மை ஒட்டி, பெரிய கியரில், முழு மிதியில் இழுக்கும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். சாதாரண நாக்கிங்கைவிடப் பல மடங்கு கொடியது, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. ட்யூனர்கள் ஆசையாக டார்க்கைக் குவிக்கிற இடமும் இதேதான், கூப்பிட்டவுடனே பிக்கப் தெரியும் என்பதால். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுகிறவரும் ரம்பொடையிலிருந்து நுவரெலியா ஏறுகிறவரும் அந்த ஆர்பிஎம்மில்தான் பாதி வழி போவார்கள். ஏபிஐ எஸ்பி தர ஆயில் 2020-ல் வந்ததற்கு இந்தச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். ரீமேப்புக்கு முன்னால் ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிற ட்யூனரை நான் மதிக்கிறேன்.

இலங்கைக்கு நேர்ந்ததை இந்திய வாசகர் எளிதில் ஊகிக்க முடியாது. 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பிப்ரவரியில். நடுவில் 2022-ல் எரிபொருளே இல்லாமல் போய், க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். ஐந்து வருடம் புதிய கார்கள் பெரும்பாலும் வராத நாட்டில் ஓர் இன்ஜின் உடைவது என்றால் அது வெறும் செலவு இல்லை. கைக்குக் கிடைத்ததை நிரப்பிக்கொண்டு வருகிறவருக்கு 95-ஐ நம்பி டைமிங் வைப்பது நியாயமும் இல்லை. ஒரே காருக்கு 92-க்கு ஒன்று, 95-க்கு ஒன்று என்று இரண்டு மேப் வைப்பதுதான் அங்கே பொருத்தமான வழி. இந்திய ட்யூனர்களும் இதைச் செய்ய வேண்டும். 97, 99 என்று உயர்ரக பெட்ரோலுக்கு எழுதிவிட்டு, அது கிடைக்காத ஊருக்கு ஓனரை அனுப்புவது சரியல்ல.

சட்டம் இரண்டு நாட்டிலும் பின்தங்கித்தான் நிற்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதை வலியுறுத்திய 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. ஆனால் இங்கே எடுக்கும் பியூசியும், இலங்கையில் 2008 முதல் நடக்கும் புகைப் பரிசோதனையும் வண்டியை நிறுத்தி வைத்துத்தான் பார்க்கின்றன. நின்ற இடத்தில் பெட்ரோல் டர்போவுக்கு பூஸ்ட்டே ஏறாது, அதனால் ரீமேப் அதில் தெரியாது. டீசலில் அளவுக்கு மீறி எரிபொருள் ஊற்றியிருந்தால் கரும்புகை காட்டிக்கொடுக்கலாம். டீசல் கார்களில் புகை வடிகட்டியை வெட்டி எறிந்து, கணினியிலும் அதை அணைத்துத் தருகிற வேலை இங்கே ட்யூனிங் என்ற பெயரில் நடக்கிறது. பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் சுவாசிக்கிற கரியை விலையாகக் கொடுத்து வாங்கும் பிக்கப் அது. தொழிலை நேசிக்கிற ட்யூனர் யாரும் அதைத் தொடக் கூடாது.

இந்தியாவில் இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், இந்தக் கலவையின் ஆக்டேனும் சுமார் 95. அதே நேரம் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் குறைவு. அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும்: எத்தனால் கலக்காத ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு இதில் 13.5-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. மிதமாக ஓட்டும்போது கணினி தானே சரிசெய்துகொள்ளும். முழு மிதியில், இன்ஜெக்டர் ஏற்கெனவே தன் எல்லையில் இருக்கும் ஸ்டேஜ் இரண்டு காரில், சரிசெய்ய இடம் இருக்காது. 2018-லோ 2019-லோ ரீமேப் செய்த இந்தியக் கார்கள் எல்லாம் இன்று வேறொரு பெட்ரோலில் ஓடுகின்றன, கொழும்பில் இறங்கிய எவல்யூஷனைப் போலவே. அவற்றின் ஓனர்கள் ட்யூனரிடம் திரும்பப் போய், டேங்கில் இப்போது இருக்கிற பெட்ரோலோடு ஒருமுறை லாக் எடுத்துப் பார்க்க வேண்டும்.