நீக்கப்பட்ட சொல்லும் நிறம் காணாத கண்ணும்

எமது பாடசாலைச் சஞ்சிகைக்காக மார்க் டுவெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலிலிருந்து பதினைந்தாம் அத்தியாயத்தைத் தமிழாக்கத் துணிந்தேன். சிறிய அத்தியாயம். மூடுபனியில் பிரிந்துபோன சிறுவன் ஹக், தெப்பத்துக்குத் திரும்பி வந்து, தன்னைத் தேடிக் களைத்து உறங்கிப்போன ஜிம்மிடம் "நான் எங்கும் போகவில்லை, நீ கண்டது கனவு" என்று விளையாட்டாகப் பொய் சொல்கிறான். ஜிம் முதலில் நம்பிவிடுகிறான். பிறகு தெப்பத்தில் ஒட்டிக் கிடக்கும் இலை தழைகளைக் காண்கிறான். சிநேகிதனின் தலையில் அழுக்கைக் கொட்டி வெட்கப்படுத்துகிறவர்கள்தாம் உண்மையான குப்பை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். ஹக் மன்னிப்புக் கேட்கப் போகிறான். ஆனால் போவதற்குக் கால் மணித்தியாலம் பிடிக்கிறது. ஏனெனில் மன்னிப்புக் கேட்கவேண்டியது ஒரு வெள்ளையனிடமல்ல. அந்த இடத்தில் ஹக்கின் வாயில் வருகின்ற சொல்லில்தான் நான் இடறி விழுந்தேன்.

அச்சொல்லை ஒலிபெயர்த்தால் 'நிகர்' என்றாகும். தமிழ்ப் பிள்ளைக்கு அது 'சமம்' என்று பொருள்படும். மொழி சில வேளைகளில் எம்மைக் கேலி செய்கிறது. 'நீக்ரோ' என்றால் அக்காலத்துப் பத்திரிகைச் சொல். வசவு அதில் இல்லை. 'கறுப்பன்' என்றால் எங்கள் ஊரில் செல்லப்பெயர். கடைசியில் 'அடிமை' என்று எழுதி, நல்லதொரு தீர்வைக் கண்டுவிட்டதாகத் திருப்திப்பட்டுக்கொண்டேன். என் மனதிலிருந்த காரணம் சாதாரணமானது. பத்தாம் தர மாணவர் வாசிக்கப்போகும் பக்கத்தில் கெட்ட வார்த்தை எதற்கு?

இதே தீர்வை எனக்கு முன்பே ஒரு பேராசிரியர் கண்டிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். 2011இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த அலன் கிரிபன், இந்நாவலில் 219 இடங்களில் வருகின்ற அச்சொல்லை 'அடிமை' என மாற்றி ஒரு பதிப்பை வெளிக்கொணர்ந்தார். டுவெய்ன் ஆய்வில் ஊறியவர் அவர், நூலின் பகைவரல்லர். அச்சொல்லின் காரணமாக இந்த நூலையே வகுப்பில் கற்பிக்க முடியாதிருக்கிறது என ஆசிரியர்கள் முறையிட்டதால்தான் அவர் இதனைச் செய்தார். அவரை எள்ளி நகையாடியோர் பலர். நானும் அதே குற்றத்தைச் செய்துவிட்டு நிற்பதால் அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு அருகதையில்லை.

ஆனாலும் அந்த மாற்றம் பிழையானதே. நாவலின் 32ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். நீராவிப் படகில் சிலிண்டர் மூடி ஒன்று வெடித்ததாக ஹக் ஒரு கதை கட்டுகிறான். யாருக்கும் காயமா என்று கேட்கிறாள் சாலி மாமி. இல்லை, ஒரு ------- செத்துப்போனான் என்கிறான். நல்ல வேளை, சில நேரம் மனிசருக்கும் காயம் பட்டுவிடும் என்று ஆறுதலடைகிறாள் அவள். சாலி மாமி கொடியவளல்ல, பாசமுள்ள பெண். கோடிட்ட இடத்தில் 'அடிமை' என்று போட்டால், செத்தவன் யாருக்கோ நட்டமான ஒரு சொத்து என்ற பொருள் வந்துவிடுகிறது. டுவெய்ன் காட்டுவது நட்டத்தை அல்ல. 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் அந்த மனிதன் அடங்கவேயில்லை என்பதையே அவர் காட்டுகிறார். ஆறாம் அத்தியாயத்தில் ஹக்கின் குடிகாரத் தகப்பன் ஆத்திரத்தோடு ஏசுகின்ற கறுப்பு மனிதர் ஓஹாயோவிலிருந்து வந்த பேராசிரியர், சுதந்திரமானவர், தனது ஊரில் வாக்குரிமையும் உடையவர். அவரை அடிமை என்று எழுதுவது எப்படி? சட்டம் விடுதலை செய்த பின்னும் ஒருவரைத் துரத்திக்கொண்டு வருவது அந்த வசவுதானே? ஹக்குக்குக் கால் மணித்தியாலம் எடுத்ததும் அதனால்தான். 'அடிமையிடம்' மன்னிப்புக் கேட்பதில் தடையாக நிற்பது அந்தஸ்து. அந்தச் சொல்லுக்குரியவனிடம் கேட்பதில் தடையாக நிற்பது அதைவிடக் கீழே, எலும்புக்குள் இறங்கிவிட்ட ஒன்று.

மறுதரப்பாரை 'இலக்கியம் தெரியாதவர்கள்' என்று ஒதுக்கிவிட எமது விமர்சகர்கள் அவசரப்படக்கூடாது. இந்நூலின் மீதான முதலாவது தடையை 1885இல் விதித்தது கொன்கோர்ட் நகர நூலகம். அன்றைய முறைப்பாடு நிறத்தைப் பற்றியதல்ல. ஹக் நாகரிகமற்றவன் என்பதுதான். 1957இல் நியூயோர்க் நகரக் கல்விச் சபை இந்நாவலைக் கீழ்வகுப்புப் பாடநூற் பட்டியலிலிருந்து அகற்றியபோது குற்றச்சாட்டு வேறாகிவிட்டது. 1982இல் வேர்ஜீனியாவில், மார்க் டுவெய்னின் பெயரையே தாங்கிய ஒரு பாடசாலையின் நிர்வாகியான கறுப்பினத்தவர் ஜோன் வொலஸ் இதனை இனவாதக் குப்பை என்று சாடினார். வெள்ளை மாணவர் நிறைந்த வகுப்பில் ஒரேயொரு கறுப்புப் பிள்ளை அமர்ந்திருக்க, ஆசிரியர் அந்தச் சொல்லை உரத்து வாசிக்கும்போது எத்தனை தலைகள் அந்தப் பிள்ளையை நோக்கித் திரும்பும்! வேற்று மொழிப் பாடசாலையில் ஒற்றை முஸ்லிம் பிள்ளையாக இருந்து, வரலாற்றுப் பாடத்தில் அந்தத் திரும்பலை அனுபவித்தவர்கள் இதை வாசிப்போர் மத்தியிலும் இருப்பார்கள். ரொனி மொறிசன் 1996இல் இந்நாவலுக்கு எழுதிய முன்னுரை இங்கு கவனிப்புக்குரியது. சிறு வயதில் அச்சத்தோடு இதனை வாசித்ததை அவர் மறைக்கவில்லை. ஆயினும் நூலை அகற்றுவது வளர்ந்தோரைச் சமாதானப்படுத்துமே தவிரப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காது என்றே கருதினார்.

சொல்லை விட்டுவிட்டு ஆசிரியருக்கு வருவோம். மல்கம் எக்ஸின் சுயசரிதையை (1965) எம்மவர் பெரும்பாலும் ஹஜ் அத்தியாயத்துக்காகவே வாசிக்கிறார்கள். ஓர் ஆசிரியன் என்ற வகையில் நான் திரும்பத் திரும்பப் போவது அதன் ஆரம்ப அத்தியாயங்களுக்குத்தான். மிச்சிகன் மாநிலத்தின் மேசன் என்ற சிற்றூரில் எட்டாம் வகுப்பு. வகுப்பின் முன்னணி மாணவர்களில் ஒருவன், வகுப்புத் தலைவனும்கூட. சட்டத்தரணியாக விரும்புகிறேன் என்கிறான். ஆங்கில ஆசிரியர் அதே சொல்லைப் பாவித்து, உன்னைப் போன்றவன் யதார்த்தமாகச் சிந்திக்கவேண்டும், உனக்குக் கைவேலை நன்றாக வரும், தச்சுத்தொழில் பழகு என்கிறார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார் என்று மல்கமே எழுதுகிறார். அந்த ஆசிரியரின் வாயிலிருந்து ஒரு சொல்லை மட்டும் நீக்கிவிடுங்கள். "மகனே, உன் பின்னணியை யோசித்துப் பார், தச்சுத்தொழில் நல்லது" என்று அவர் மரியாதையாகச் சொல்லியிருந்தால் எந்த அதிகாரியிடமும் முறையிட முடியாது. பிள்ளை போய்ச் சேரும் இடம் மாறியிருக்குமா? நாகரிக மொழியின் எல்லை இங்கே தெரிகிறது. எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் நாங்களும் மிக மரியாதையாகத் தச்சுத்தொழில் சொல்லியிருக்கிறோம்!

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது, நிறத்தையே பாராதிருத்தல். அமெரிக்க அரசியலமைப்பு நிறக்குருடானது என்ற புகழ்பெற்ற கருத்து, 1896இன் பிளெசி வழக்கில் நீதியரசர் ஹார்லனின் மாறுபட்ட தீர்ப்பில் வருவது. பிரித்து வைத்தாலும் சமமே என்று ஏனைய நீதியரசர்கள் தீர்த்தபோது தனித்து நின்றவர் அவர். ஆனால் அதே பந்தியில், வெள்ளையினமே நாட்டில் மேலோங்கிய இனம், என்றைக்கும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுவோர் அந்த வரிக்குப் பின்பே தொடங்கிக்கொள்கிறார்கள். 1954இல் பிரவுண் வழக்கு பாடசாலைப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கியது. 2007இல் சியாட்டில், லூயிவில் நகரங்கள் பாடசாலைகளில் எல்லா நிறத்தவரும் கலந்திருக்கவென மாணவரின் இனத்தையும் கவனத்திற்கொண்டபோது, உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தடுத்தது. 2023இல் பல்கலைக்கழக அனுமதிக்கும் அதே கதி. பிரித்து வைக்கக் கண்ட நிறத்தை, சேர்த்து வைக்கக் காணக்கூடாது என்றாகிவிட்டது.

அந்த 1896இன் ஜனவரியில் டுவெய்ன் கொழும்பில் நின்றார். வீதியின் வர்ணங்களில் மயங்கி நின்றவரின் முன்னால், மிஷன் பாடசாலையொன்றிலிருந்து கறுப்புச் சிறுமியர் பதினாறு பேர் ஐரோப்பிய உடையில் இரண்டிரண்டாக வந்ததையும், அந்த உடையின் அவலட்சணத்தைக் கண்டு தன் வீட்டுப் பெண்களின் உடைக்கும் தன்னுடைய உடைக்கும் தான் வெட்கப்பட்டதையும் தனது பயண நூலில் எழுதியிருக்கிறார். ஹக்கின் வெட்கத்தை எழுதிய அதே கை. ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒருத்திக்கும் அங்கே பேச்சில்லை. அவர்கள் அவரது இரசனைக்கு நேர்ந்த ஓர் இடைஞ்சல் மாத்திரமே.

நாவலின் குறையும் இதுதான். இறுதி அத்தியாயங்களில் டொம் சோயர் வந்து, ஏற்கெனவே விடுதலையாகிவிட்ட ஜிம்மை விளையாட்டுப் பொருளாக்கும் கூத்தைச் சகிக்க முடியவில்லை. பதினைந்தாம் அத்தியாயத்தில் நிமிர்ந்த மனிதனை ஆசிரியரே மறுபடி குனிய வைத்துவிடுகிறார். பேர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024) இக்கதையை ஜிம்மின் வாயால் சொல்லிப் புலிற்சர் பரிசும் பெற்றது. அதில் வரும் வகுப்பறை எந்த ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையும் கற்பிக்காதது. ஜேம்ஸ் கறுப்புச் சிறுவர்களுக்குக் கொச்சை மொழி பழக்குகிறான். வெள்ளைக்காரியின் அடுக்களையில் தீப்பிடித்தால் "தீ" என்று நேரே சொல்லிவிடக்கூடாது. அவளே கண்டுபிடித்ததாக இருக்கவேண்டும். கிரிபன் அந்தச் சொல்லைத் துடைத்தார். எவரெட் அதை விட்டுவைத்து, கேட்டுக்கொண்டிருந்தவனின் காதுக்குள் எம்மை உட்கார்த்தினார். விமர்சனமாகவும் படைப்பாகவும் இதுவே வலுவானது என்பது என் எண்ணம்.

எங்களுக்குள் நிறமில்லை, பிலால் (ரழி) அவர்களைப் பாருங்கள் என்று மேடையில் முடித்துவிடுவது எமது வழக்கம். அபூதர் (ரழி) அவர்கள் ஒருவரை அவரது தாயைச் சொல்லி இழித்தபோது, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததைப் புகாரி கிரந்தத்தில் காண்கிறோம். அந்தக் கண்டனத்துக்கு முதலில் அந்த வசவு காதில் விழவேண்டியிருந்தது. விழாததுபோல் இருந்திருந்தால் பாடமில்லை. எமது கல்யாணப் பேச்சில் 'பிள்ளை வெள்ளையா?' என்ற கேள்வி எழுவதை யார் கேட்காதவர்?

என் கையெழுத்துப் பிரதிக்கு வருகிறேன். 'அடிமை'யை வெட்டிவிட்டு 'காப்பிலி' என்று எழுதினேன். காபிர் என்ற அரபுச் சொல், போர்த்துக்கீசர் வாயில் புகுந்து, ஆபிரிக்க மனிதர்மீது ஒட்டி, எம் ஊர்ப் பேச்சில் வசவாக வந்து சேர்ந்தது. தென்னாபிரிக்காவில் அதன் உடன்பிறப்பு, வாயால் சொல்லவே கூசும் சொல். புத்தளத்துச் சிராம்பியடியிலோ அதே வேர்ச்சொல்லைத் தங்கள் பெயராகச் சுமக்கும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கிருந்து ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தால் இதைப் பலகையில் எழுதுவேனா? எழுதமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இல்லாததால்தானே துணிந்து எழுதினேன் என்றும் தோன்றுகிறது. சஞ்சிகைக் குழுவின் மாணவி ஒருத்தி பிரதியைப் படித்துவிட்டு, "சேர், மன்னிப்புக் கேக்க ஏன் கால் மணித்தியாலம்?" என்றாள். 'அடிமை' என்றிருந்த முதற் பிரதியைப் படித்தபோது அவள் அதைக் கேட்கவில்லை.